மைக் செட் அண்ணன் காட்டிய பாண்டிச்சேரி

கடலூர்க்காரன் பொழுது சாயும் நேரத்தில் பாண்டிக்குப் பஸ் ஏறினால் தெருவே ஒரு மாதிரி பார்க்கும். புதுச்சேரி எல்லையில், முள்ளோடையில் சாலையோரம் வரிசை கட்டி நிற்கும் மதுக்கடைகள்தான் காரணம். பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது அம்மாவும் அப்படித்தான் பார்த்தாள்.

"பாட்டுக் கேக்கப் போறேம்மா."

"பாட்டுக் கேக்க எவன்டா பாண்டிக்குப் போவான்? மார்கழின்னா மெட்ராஸ் போறேன்னு சொல்லு, நம்பலாம். இது ஆனி மாசம்."

ஆனி மாசம்தான் கணக்கு. ஜூன் 21, வருஷத்திலேயே பகல் நீண்ட நாள். 1982-இல் பிரான்ஸ் நாட்டின் கலாச்சார அமைச்சகம் இந்த நாளில் ஒரு இசைத் திருவிழாவைத் தொடங்கியது. தேர்ந்த கலைஞனோ, நேற்று கிடார் வாங்கியவனோ, யார் வேண்டுமானாலும் தெருவில் நின்று வாசிக்கலாம், டிக்கெட் கிடையாது. பெயரிலேயே ஒரு சிலேடை. 'ஃபேத் த லா மியூசிக்' என்று காதில் விழுவதை 'இசைத் திருவிழா' என்றும் எடுத்துக்கொள்ளலாம், 'இசை செய்யுங்கள்' என்றும் எடுத்துக்கொள்ளலாம். புதுச்சேரியில் 1889 முதல் இருக்கும் பிரெஞ்சு மொழி, கலாச்சார மையமான அலியான்ஸ் ஃபிரான்சேஸ் இங்கேயும் இதைக் கொண்டாடுகிறது. இருபத்திரண்டு, இருபத்து மூன்று கிலோமீட்டரில் இப்படியொன்று நடக்க, இத்தனை வருஷம் நான் போனதே இல்லை.

திருப்பாதிரிப்புலியூரில் ஏறியவனுக்கு ஜன்னல் சீட் கிடைத்தது. கன்னியக்கோவில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம். அரியாங்குப்பத்தில் மிருதங்க உறையைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு பெண்கள் ஏறினார்கள். அங்கே பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது, இசையும் நடனமும் ஓவியமும் சொல்லித் தரும் அரசுக் கல்லூரி. அவர்களும் அந்தத் திருவிழாவுக்குத்தான் போகிறார்கள் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். முதலியார்பேட்டையிலேயே இறங்கிவிட்டார்கள்.

ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். அதன் பிறகு அந்த ஒன்றரைக் கிலோமீட்டர் முழுக்க நடப்பவர்களுக்கு. காந்தி சிலைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சின்ன மேடையில் நாலு பையன்கள். நல்ல கிடார், நல்ல டிரம்ஸ். பாடியதெல்லாம் எழுபதுகளின் இங்கிலீஷ் பாட்டு. தப்பு சொல்ல முடியாத வாசிப்பு, ஆனால் மூன்றாவது பாட்டிலேயே என் கண் சுண்டல் வண்டியின் பக்கம் போய்விட்டது. இதற்கா அம்மாவிடம் அத்தனை பேச்சு வாங்கினேன்?

அப்போதுதான் மைக் கத்தியது. கீச்சென்று ஒரு சத்தம், முன்னால் உட்கார்ந்திருந்த குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டன. மேடைக்குப் பின்னாலிருந்து ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் அவசரமே இல்லாமல் நடந்து வந்தார். சட்டைப் பையில் டெஸ்டர், தோளில் சுருட்டிய ஒயர். பாடகனின் தோளைப் பிடித்து, பாக்ஸுக்கு நேராக நின்றவனை இரண்டடி தள்ளி நிறுத்தினார். கத்தல் நின்றது. பாடகனுக்கு எதுவும் புரியவில்லை, பாட்டைத் தொடர்ந்தான்.

டீக்கடையில் அவரே பக்கத்தில் வந்து நின்றார். நான்தான் பேச்சைத் தொடங்கினேன்.

"எப்படிண்ணே, பையன்க நல்லா வாசிக்கிறாங்களா?"

"வாசிப்பெல்லாம் சுத்தம் தம்பி. ஆனா எல்லாம் யாரோடதோ. நீங்க எந்த ஊரு?"

கடலூர் என்றதும் சிரித்தார். ரொம்பத் தூரத்திலிருந்து வந்தவனுக்கு இன்னும் மரியாதையான பதில் கிடைத்திருக்கும் போல. இருபத்தைந்து வருஷமாக மைக் செட் தொழில் என்றார். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், வைத்திக்குப்பத்து மாசி மகம் எல்லாவற்றுக்கும் அவர் பாக்ஸ்தான் போகும். இந்த மாதிரிப் பையன்கள் கூப்பிட்டால் பாதி வாடகைக்குப் போவாராம்.

"இந்த ஊர்ல யார் நல்லாப் பாடுறான், யார் பேச்சு மட்டும் பெருசுன்னு என்னைக் கேளுங்க. ரசிகனுக்குப் புடிக்கலைன்னா எழுந்து போயிடலாம். நான் எங்க போறது? ஒயர் என்னுது."

யோசித்துப் பார்த்தேன். கைபேசி எனக்கு என்ன பாட்டுப் பிடிக்கும் என்று தினமும் ஊகித்துக்கொண்டிருக்கிறது. நான் ஏற்கெனவே கேட்டதைப் போலவே இன்னொன்றைத் தேடித் தருகிறது. இவரோ எல்லாவற்றையும், பிடிக்காததையும், கடைசிவரை கேட்டுத் தீர வேண்டிய மனிதர்.

"இங்க நிக்காதீங்க. வாய்க்கால் அந்தாண்ட போங்க. அரிசி மண்டி வாசல்ல என்னோட சின்ன செட் ஒண்ணு கிடக்கு. ஒம்பதுக்குள்ள நானும் வந்துடுவேன். பத்து மணிக்குப் புடுங்கிடணும், இல்லன்னா போலீஸ் வந்துடும்."

பத்து மணிக் கணக்கு அவராகச் சொன்னதல்ல. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன.

பாண்டிக்கு வந்தவர்களுக்கு வாய்க்கால் தெரியும். அதற்குக் கிழக்கே மஞ்சள் சுவரும் காகிதப்பூக் கொடியும், போட்டோ எடுப்பவர்களும். மேற்கே தாண்டினால் திண்ணை, நடைச் சந்து, மல்லிப்பூ, ஸ்கூட்டர் ஹாரன். தாண்டி ஐந்து நிமிடத்தில் மண்டி கிடைத்தது. இறக்கிய ஷட்டர், மூன்று படிக்கட்டு, ஒரே ஒரு குண்டு பல்பு. முப்பது பேர் இருப்பார்கள். இட்லிப் பார்சலோடு நின்ற அக்காக்கள், டியூஷன் முடிந்து வந்த பையன்கள், பிளாஸ்டிக் நாற்காலியில் தொப்பியோடு ஒரு பெரியவர். 'சொல்தா' என்று பக்கத்தில் இருந்தவர் காதில் சொன்னார். பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்து, அந்த நாட்டுப் பென்ஷனில் இங்கே வாழும் தமிழர்களுக்கு இந்த ஊரில் அதுதான் பெயர்.

மூன்று பேர் குழு. ஒரு பெண் கிடாரோடு பாட, ஒருவன் கஹோன் மேல் உட்கார்ந்திருந்தான். கஹோன் என்பது பெரு நாட்டுப் பெட்டி மேளம். அதன் மேலேயே உட்கார்ந்து, முன்பக்கப் பலகையைக் கையால் தட்ட வேண்டும். இவனுடையது ஊர்த் தச்சர் பிளைவுட்டில் அடித்துக் கொடுத்தது, ஓரத்தில் கதவுக் கைப்பிடி இருந்தது.

மூன்றாமவன் படியில் இல்லை. எதிரே சாக்கடை ஓரமாகக் குத்தவைத்து, பழைய செய்தித்தாளைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தான். தீ தோலில் படக் கூடாது, சூடு மட்டும் ஏற வேண்டும். வட்டத்தை மெல்லச் சுழற்றுகிறான், நடுவில் விரலால் ஒரு சுண்டு சுண்டுகிறான், தலையைச் சாய்த்துக் கேட்கிறான், மறுபடி சுழற்றுகிறான். கடற்கரை ஈரத்தில் தோல் தொய்ந்து போயிருக்கிறது. முதலில் 'பொத்' என்று வந்த சத்தம் நாலாவது முறை சுண்டியபோது 'டங்' என்று ஆனது. எழுந்து வலக்கையில் தடித்த அடிகுச்சி, இடக்கையில் ஈர்க்குப் போன்ற சிம்புக்குச்சி. "ரெடி அண்ணே" என்றான்.

மைக் செட் அண்ணன் அதற்குள் வந்திருந்தார். அடுத்து அவர் செய்ததை ஒலிப்பதிவு படித்தவர்கள் என்ன சொல்வார்களோ தெரியாது. பறைக்கு மைக்கே வைக்கவில்லை. முதல் அடியில் கிடார் சுத்தமாகக் காணாமல் போனது. பையனைப் பார்த்து, "பத்தடி பின்னால போ" என்றார். போனான். "இன்னும் நாலு." தெருவின் எதிர் ஓரம், சைக்கிள் கடை வாசலில் போய் நின்றான். இப்போது கிடார் முன்னால் வந்தது, பறை பின்னாலிருந்து முதுகில் அடித்தது. நாங்கள் நடுவில். மிக்சரில் ஒரு திருகைக்கூட அவர் தொடவில்லை.

பாட்டு அவர்களே எழுதியது. குருசுக்குப்பத்துப் பாட்டி ஒருத்தி பேத்தியிடம் பேசுவது போல. அந்தக் காலத்தில் கட்டுமரம் ஏற்றி வைக்க எவ்வளவு மணல் இருந்தது, கபடி எங்கே ஆடினோம், வலை எங்கே காயப்போட்டோம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொன்றின் முடிவிலும் "அந்த மணலெல்லாம் எந்த ஊருக்குப் போச்சு கண்ணு?" என்று கேட்கிறாள். கேட்டதும் பறை நாலு அடி. பதில் கிடையாது.

பதில் இருக்கிறது, அதுதான் கொடுமை. இந்தக் கரையில் கடல் வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கும். எண்பதுகளின் கடைசியில் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் எழுந்தது. மணல் சுவருக்குத் தெற்கே குவிந்தது, வடக்கே ஊருக்கு வருவது நின்றது. அதனால்தான் 'பாண்டி பீச்' என்று போனவர்கள் பல வருஷம் கருங்கல்லைப் பார்த்துவிட்டு வந்தார்கள். கடலுக்குள் செயற்கைத் திட்டு ஒன்றை இறக்கிய பிறகு கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. இத்தனையும் செய்தித்தாளில் படித்தவன்தான் நான். ஆனால் அந்தப் பெண் மூன்றாவது முறை "எந்த ஊருக்குப் போச்சு" என்று கேட்டபோது, பெரியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். அவர் அந்த மணலில் நடந்திருப்பார்.

பத்து அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது அண்ணன் ஒயரைச் சுருட்டத் தொடங்கிவிட்டார். பையன்களோடு பேச நேரம் கிடைத்தது. பறைக்காரத் தம்பி பள்ளிக்கூடம் படித்த காலத்தில், 2018 ஜனவரியில், பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு சென்னையில் முதல் மேடை ஏறியது. கானாவும் பறையும் எலக்ட்ரிக் கிடாரும் ஒன்றாக நின்ற அந்த வீடியோவைக் கைபேசியில் எத்தனை முறை பார்த்தான் என்று அவனுக்கே கணக்கில்லை.

"எங்கப்பா சாவுக்கு அடிக்கப் போவாருண்ணே. ஸ்கூல்ல யாரும் கேட்டா பெயிண்டர்னு சொல்வேன். இந்தப் பறை அவரோடதுதான்."

"அவர் வந்து பார்த்தாரா?"

"போன வருஷம் அந்த மூலை வரைக்கும் வந்தாராம். கிட்ட வரல."

நான் வேறு எதுவும் கேட்கவில்லை.

பாட்டு எங்கே கிடைக்கும் என்று கேட்டதற்கு மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இன்னும் பதிவு செய்யவில்லையாம். ஸ்டூடியோவுக்கு மணிக்கணக்கில் வாடகை, பறையை ஒழுங்காகப் பதிவு செய்யத் தெரிந்தவர் கிடைப்பது அதைவிடக் கஷ்டம். "அண்ணன் ஃபோன்ல இருக்கும்" என்றாள் அந்தப் பெண். அவர் தலையாட்டி, என் நம்பரை வாங்கிக்கொண்டார்.

லாட்ஜைப் பற்றி ஒரு வரி போதும். போனில் சொன்ன வாடகை ஒன்று, போனதும் சொன்னது ஒன்று, மின்விசிறி மட்டும் இரண்டுக்கும் பொருந்தாதது.

மறுநாள் காலை நண்பன் வண்டியில் ஆரோவில் பக்கம் போனேன். கோட்டக்கரை அருகே ஸ்வரம் என்று ஒரு பட்டறை. 2003-இல் தொடங்கியது, அக்கம்பக்கத்து கிராமத்து இளைஞர்கள் இசைக்கருவி செய்கிறார்கள். மூங்கில், உலோகக் குழாய், மரம் என்று நிறைய இருந்தாலும் நான் நின்றது ஒரு கருங்கல்லின் முன்னால். சீப்புப் பல் போல மேலே கீற்றுக் கீற்றாக அறுத்த கல். கையை நன்றாகத் தண்ணீரில் நனைத்து அதன் மேல் தேய்க்கச் சொன்னார்கள். முதலில் ஒன்றும் இல்லை. நான் அழுத்தித் தேய்த்தேன், அதுதான் தப்பாம். லேசாக, மெதுவாக. கொஞ்ச நேரத்தில் கல்லுக்குள்ளிருந்து ஒரு ரீங்காரம் எழுந்தது. காதுக்கு முன்னால் அது முழங்கையில் தெரிந்தது. திருநெல்வேலி நெல்லையப்பர் கோவில் இசைத்தூணைத் தட்டிப் பார்த்தவன்தான், ஆனால் அது தட்டினால் பேசும் கல். இது தடவினால்தான் பேசுமாம்.

திரும்பும் வழியில் ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதி வாழ்ந்த வீட்டுப் பக்கம் வண்டியை நிறுத்தினோம். 1908 முதல் பத்து வருஷம் இந்த ஊரில் இருந்தவர். எந்த ஊருக்குப் போனாலும், எந்த வித்வான் வந்தாலும் அதே நாலு கீர்த்தனைதானா என்று சங்கீதத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில் அவர் சலித்துக்கொள்வார். கடற்கரை மேடையைப் பார்த்திருந்தால் அவரும் சுண்டல் வாங்கப் போயிருப்பார் என்றேன். நண்பன் சிரிக்கவில்லை, அவனுக்கு அந்த எழுபதுகளின் பாட்டுகள் பிடிக்கும். சரி, அவரவர் காது.

மாலையில் கடலூர் பஸ்ஸில் தவளக்குப்பம் தாண்டும்போது வாட்ஸ்அப்பில் அது வந்தது. ஏழு நிமிடம். ஆரம்பமே அண்ணன் குரல்: "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்ட், ஒண்ணு, ரெண்டு, டேய் அந்த ஒயரை மிதிக்காத." அப்புறம் கிடார். நடுவில் ஒரு ஸ்கூட்டர் போகிறது, யாரோ குழந்தையைக் கூப்பிடுகிறார்கள், பறை எங்கேயோ தூரத்தில்.

வீட்டில் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். பாட்டி மணலைத் தேடும் இடத்தில் கை கொஞ்சம் நின்றது. முடிந்ததும், "அந்த முன்னாடிப் பேசினவன் யாரு?" என்றாள்.

"மைக் செட்டுக்காரரும்மா."

"ஆடிக்கு நம்ம தெரு கூழுக்கு வருவாரான்னு கேளு. நம்ம ஆளு வெச்சா ஒரு வார்த்தை புரிய மாட்டேங்குது."