டி ஏறிவிட்டது, கால் ஏறவில்லை

முழங்கால் வலியோடு வருபவர்களை முதலில் நாற்காலியில் உட்காரவைத்து, கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொல்வேன். அரை நிமிடத்தில் எத்தனை முறை எழுகிறார்கள் என்று எண்ணுவேன். எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டும் அதற்கு அப்புறம்தான். பிசியோதெரபிஸ்டாக வேலைக்குச் சேர்ந்த புதிதில் இது தலைகீழாக இருந்தது.

அப்போது ஒரு நோட்டு வைத்திருந்தேன். பெயர் எழுத மாட்டேன். வயது, எடை, எக்ஸ்ரேயில் தேய்மானம் எந்த நிலை, வைட்டமின் டி எவ்வளவு, இவ்வளவுதான். தேய்மானத்தை 0 முதல் 4 வரை (4 என்றால் மிக மோசம்) பிரிப்பது 1957-இல் கெல்கிரனும் லாரன்ஸும் வகுத்த முறை, இன்றும் அதுதான் புழக்கத்தில் இருக்கிறது. சில மாதங்களில் பக்கங்கள் நிரம்பியதும் உட்கார்ந்து ஒப்பிட்டேன். மூன்றாம் நிலை, நான்காம் நிலை என்று எழுதிய வரிகளில் டி 12, 9, 14 என்று கிடந்தது. மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே போனாலே குறைபாடு என்று சொல்வது வழக்கம். முதல் நிலைக்காரர்கள் பரவாயில்லை. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மறுநாளில் இருந்து வருகிறவர்களிடம் எல்லாம், "டி இல்லாததாலதான் மூட்டு இப்படித் தேய்ஞ்சிருக்கு" என்று அடித்துச் சொல்ல ஆரம்பித்தேன்.

அப்படி நினைத்தது நான் மட்டும் இல்லை. அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஊர்க்காரர்களை வைத்து 1996-இல் வெளிவந்த ஆய்வில், ஏற்கெனவே முழங்கால் தேய்ந்தவர்களில் டி குறைவாக இருந்தவர்களுக்கு அது மேலும் முற்றும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு என்று வந்தது. அது போதாதா?

நோட்டைப் பெருமையாக ஒரு மூத்த டாக்டரிடம் காட்டினேன். இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "இந்த நாலாம் நிலைக்காரங்க வெயில்ல நடந்து எத்தனை நாளாச்சுன்னு கேட்டியா?" என்றார். கேட்கவில்லை. கால் வலிக்கிறவர் வாசலைத் தாண்டுவதில்லை, வாசலைத் தாண்டாதவருக்கு டி எங்கிருந்து வரும்? அடுத்து எடைக் கட்டத்தின் மேல் விரலை ஓட்டினார். டி கொழுப்பில் கரைகிற சத்து. உடம்பில் கொழுப்பு கூடினால் ரத்தத்தில் அதன் அளவு குறைந்தே காட்டும். அதே எடைதான் முழங்காலையும் போட்டு அழுத்துகிறது. என் நோட்டில் இருந்த பொருத்தம் பொய் இல்லை. எது எதை இழுத்துக்கொண்டு வந்தது என்பதைத்தான் நான் திருப்பிப் படித்திருந்தேன்.

டி கொடுத்துப் பார்த்த ஆய்வுகளும் பின்னால் வந்தன. 2013-இல் முழங்கால் தேய்ந்த 146 பேருக்கு இரண்டு வருடம் கொடுத்தார்கள். 2016-இல் அதேபோல் 413 பேருக்கு மாதம் 50,000 யூனிட் என்று அதே இரண்டு வருடம். இரண்டிலும் ரத்தத்தில் அளவு ஏறியது. மூட்டில் மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பு குறைவதிலும் வலியிலும், மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டால் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. சரி, அளவை இன்னும் கூட்டினால்? 2010-இல் வந்த ஓர் ஆய்வில் 70 வயதைத் தாண்டிய பெண்களுக்கு வருடத்துக்கு ஒரே தவணையாக 5 லட்சம் யூனிட் கொடுத்தார்கள். அவர்கள்தான் அதிகம் விழுந்தார்கள், எலும்பு முறிவும் அவர்களுக்கே கூடுதல்.

இதையெல்லாம் படித்துவிட்டு டி-யையே ஒதுக்கப் பார்த்தேன். அதுவும் தப்பு என்று காட்டியவர் ஒரு அம்மா. தேய்மானம் அதிகம் என்ற குறிப்போடு அனுப்பியிருந்தார்கள். எக்ஸ்ரேயில் பார்த்தால் இரண்டாம் நிலைகூட முழுசாக இல்லை. ஆனால் நாற்காலியில் இருந்து ஒரு தடவைகூட எழ முடியவில்லை. இரண்டு கையையும் தொடையில் ஊன்றி, உடம்பைத் தானே தூக்கி நிறுத்திக்கொண்டார். நடை வாத்து நடை. முழங்காலைத் தொட்டபோது பேசாமல் இருந்தவர், கீழே கணைக்கால் எலும்பின் முன்பக்கத்தை லேசாக அழுத்தியதும் முகத்தைச் சுளித்தார். மூட்டு வலி அங்கே இருக்காது. டாக்டரிடம் திருப்பி அனுப்பினேன். டி 5-தான் இருந்தது, எலும்பு பாதித்தால் ரத்தத்தில் கூடுகிற அல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி எகிறியிருந்தது. எலும்பே மென்மையாகிப்போகிற ஆஸ்டியோமலேசியா. தொடைத் தசையும் அதோடு சேர்ந்து தளர்ந்துவிடும். சிகிச்சை தொடங்கிச் சில மாதங்களில் கை ஊன்றாமல் எழுந்தார். முழங்கால் எக்ஸ்ரே மட்டும் முன்னே இருந்தபடியே இருந்தது.

இன்றும் டி ரிப்போர்ட்டைப் பார்க்கிறேன். மிகக் குறைவாக இருந்தால் டாக்டரிடம் போகச் சொல்கிறேன், எலும்புக்கும் தசைக்கும் அது தேவைதான். தேய்ந்த மூட்டை அது ஒட்டவைக்கும் என்று மட்டும் சொல்வதில்லை.

அந்த நோட்டுக் காலத்தில் நான் "டி இல்லாததாலதான்" என்று சொல்லி அனுப்பிய பெரியம்மா ஒருவர், ஒரு வருடம் கழித்து வந்தார். மாத்திரையை ஒரு வேளை விடாமல் சாப்பிட்டிருக்கிறார். டி 48. ரிப்போர்ட்டை மேஜையில் வைத்துவிட்டு, "டி ஏறிடுச்சு தம்பி, மாடிப்படிதான் ஏற முடியல" என்றார். நான் சொன்னது தப்பு என்று ஒப்புக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டேன். அரை நிமிடத்தில் மூன்று முறை எழுந்தார், நான்காவது பாதியிலேயே நின்றது. அன்றைக்கே தொடைத் தசைக்கான பயிற்சியைத் தொடங்கினோம். காலை நீட்டி, முழங்காலுக்கு அடியில் சுருட்டி வைத்த துண்டை அழுத்தி, ஐந்து எண்ணி விடவேண்டும். மூன்றாவது தடவை அழுத்திக்கொண்டிருக்கும்போது என்னைப் பார்த்துக் கேட்டார்: "இதைப் போன வருஷமே சொல்லியிருக்கலாமேப்பா?"