கடலோர ஊரில் வீரர் நினைவுத் தூண் கட்டுவோர் கவனத்துக்கு

ராமநாதபுரம் கடலோரத்தில் நம் படைவீரர்களுக்குத் தூண் எழுப்பும் ஊர்க்காரர்களே, கலவையில் கடல்மணலும் உவர்நீரும் சேரவே கூடாது. உப்பு கம்பியை அரிக்கும். துரு பருத்து கான்கிரீட்டைப் பிளக்கும். எம்30 என்ற வலிமைத் தரத்தில் கலவை போடுங்கள், கம்பிக்கு மேல் 45 மி.மீ. கான்கிரீட் மூடியிருக்கட்டும். அலைச்சாரல் படும் இடமென்றால் எம்35, 50 மி.மீ. பிபிசி (PPC, எரிசாம்பல் போன்றவை கலந்த) சிமென்ட் என்றால் நல்ல தண்ணீரில் 10 நாள் நனைப்பு, குறைக்காதீர்கள்.

கிரானைட் பலகையைப் பிடிக்கும் ஆணிகள் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.

பெயர்தான் எல்லாவற்றிலும் முக்கியம். படை எண், பதவி, பிரிவு எல்லாம் படையிலிருந்து விடுவிக்கும்போது தரும் டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும். அதில் பெயர் ஆங்கிலத்தில் இருக்கும். ‘டி’ (T) என்ற தலைப்பெழுத்து தமிழில் ‘த’வா ‘ட’வா என வீட்டாரிடம் கேட்ட பிறகே உளியை எடுக்கச் சொல்லுங்கள். எழுத்தை ஆழமாக வெட்டினால் பெயின்ட் உதிர்ந்தாலும் படிக்கலாம்.