ஒரே காய்ச்சல், மூன்று வைத்தியம்

சென்னையில் ஃப்ளூவுக்கென்று ஒரு சீசன் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை இறங்கும் ஐப்பசி, கார்த்திகையில் அது தலைதூக்கும். தெருவில் தண்ணீர் தேங்கி டெங்கு வருவதும் அதே மாதங்களில்தான். அதனால் அந்த வாரங்களில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் முதல் கேள்வியே "எது?" என்பதுதான்.

போன ஐப்பசியில் எங்கள் வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவராக மூன்று பேர் படுத்தோம். எட்டு வயது மகன், எழுபதைத் தாண்டிய என் மாமியார், அப்புறம் நான். மூவருக்கும் ஒரே ஃப்ளூ. ஆனால் ஒருவருக்குக் கொடுத்த வைத்தியம் இன்னொருவருக்கு இல்லை. ஒரே டாக்டர், ஒரே வீடு, ஏன் இத்தனை வித்தியாசம் என்று அப்போது குழம்பினேன். இப்போது அதில்தான் விஷயமே இருக்கிறது என்று தோன்றுகிறது.

பையன் பள்ளியிலிருந்து வாங்கி வந்தான். தீபாவளி விடுமுறை முடிந்து திறந்ததும் வகுப்பில் பாதிப் பேர் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவன், மறுநாள் காலையில்கூட சைக்கிள் ஓட்டிவிட்டு, சாயங்காலம் சுருண்டு படுத்துக்கொண்டான். தெர்மாமீட்டர் 103 காட்டியது. சளி என்றால் மூக்கு ஒழுகி, தும்மி, மெல்ல மெல்லத்தான் வரும். ஃப்ளூ அப்படி வராது. மணி பார்த்துச் சொல்லலாம், அவ்வளவு திடீரென்று அடிக்கும்.

மழை கொட்டிக்கொண்டிருந்ததால் பக்கத்துத் தெருவில் இருந்த கிளினிக்குக்குத்தான் போனோம். டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார்கள், ஒரு ஆன்டிபயாடிக் சிரப் எழுதினார்கள், "ஊசி ஒண்ணு போட்டுடலாம், ராத்திரியே இறங்கிடும்" என்றார்கள். என் கணவர் "என்ன ஊசிங்க?" என்று கேட்டதை அங்கே யாரும் ரசிக்கவில்லை. அது, காய்ச்சலும் வலியும் இறங்கப் போடும் டைக்ளோஃபினாக். எது காய்ச்சல் என்றே தெரியாமல் டெங்கு சீசனில் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் வகையறாவைக் கொடுப்பது ஆபத்து. டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். ஃப்ளூவாகவே இருந்தாலும் குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் ஆகாது. கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரே சிண்ட்ரோம் என்ற அபூர்வமான பிரச்சினை வரலாம். ஊசி வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டோம்.

அந்த ஆன்டிபயாடிக்கையும் வாங்கவில்லை. ஃப்ளூ ஒரு வைரஸ், ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்கானது. இது எல்லோருக்கும் தெரிந்த பாடம்தான். ஆனாலும் மருந்துக் கடையில் அஸித்ரோமைசின் அட்டை கடலை மிட்டாய் போலப் போகிறது. 2023 மார்ச்சில் எச்3என்2 என்ற ஃப்ளூ நாடு முழுக்கப் பரவியபோது இந்திய மருத்துவச் சங்கமே இதைப் பற்றி அறிக்கை விட்டது. காய்ச்சல் பெரும்பாலும் மூன்று நாளில் விட்டுவிடும், இருமல் மூன்று வாரம் வரை இழுக்கலாம், அதற்காக ஆன்டிபயாடிக் எழுதாதீர்கள் என்று டாக்டர்களுக்கே சொன்னார்கள்.

மறுநாள் எங்கள் பழைய டாக்டரிடம் போனோம். அவர் பையனை முதலில் எடை மெஷினில் ஏற்றினார். 24 கிலோ. "கிலோவுக்குப் பதினஞ்சு மில்லிகிராம் பாராசிட்டமால், ஆக 360. உங்க வீட்ல இருக்கிறது எந்த சிரப்?" என்றார். பாட்டிலைப் போட்டோ எடுத்து வைத்திருந்தேன். 5 மில்லியில் 250 மி.கி. உள்ளது. "அப்ப 7 மில்லி. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, காய்ச்சல் இருந்தா மட்டும்." அதே கம்பெனி, அதே பெயரில் 125 மி.கி. பாட்டிலும் இருக்கிறது. மூடியில் பாதி, ஸ்பூனில் ஒன்று என்று கண்ணளவில் ஊற்றுகிறவர்கள் லேபிளை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ரத்த அணுக்கள், டெங்குவுக்கான என்எஸ்1, மூக்கில் குச்சி விட்டு ஃப்ளூ ரேபிட் டெஸ்ட், எல்லாம் எடுத்தார்கள். டெங்கு இல்லை. ஃப்ளூதான். ஃப்ளூ வைரஸில் 'ஏ', 'பி' என்று வகைகள் உண்டு, இவனுக்கு வந்தது 'பி'. ரேபிட் டெஸ்டில் பாசிட்டிவ் வந்தால் நம்பலாம், நெகட்டிவ் வந்தால் ஃப்ளூ இல்லை என்று முடிவுகட்ட முடியாது என்பதையும் அவரே சொன்னார். உறுதியாகத் தெரிய பிசிஆர் வேண்டும். அதற்குத் தனியார் லேபில் ஆயிரக்கணக்கில் ஆகும்.

"அந்த ஃப்ளூ மாத்திரை?" என்று கேட்டேன். ஒசெல்டாமிவிர். 2009 பன்றிக்காய்ச்சல் சமயத்தில் எல்லோரும் கேள்விப்பட்ட மருந்து. அப்போதுதான் அவர் ஒரு ஏ, பி, சி கணக்கைச் சொன்னார். நோய் எவ்வளவு கடுமை என்று பிரிக்க, பன்றிக்காய்ச்சலுக்காக மத்திய சுகாதாரத் துறை வகுத்து வைத்தது அது. வைரஸின் வகைக்கும் இந்த எழுத்துகளுக்கும் சம்பந்தமில்லை. லேசான காய்ச்சல், இருமல், உடம்புவலி என்றால் 'ஏ'. டெஸ்டும் வேண்டாம், அந்த மாத்திரையும் வேண்டாம், வீட்டில் இருந்தால் போதும். கடும் காய்ச்சலும் தொண்டைவலியும் என்றால் 'பி'. அதிலும் முதியவர்கள், கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், சர்க்கரை, ஆஸ்துமா, இதயம், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் தனிப் பிரிவு. அவர்களுக்கு மாத்திரையைத் தள்ளிப்போடக் கூடாது. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம், சளியில் ரத்தம், நகம் நீலமாவது இதெல்லாம் 'சி'. நேராக ஆஸ்பத்திரிதான். பையன் நடுவில் இருந்தான். மற்றபடி ஆரோக்கியமானவன் என்பதால் மாத்திரை இல்லாமலே பார்க்கலாம் என்றார். தண்ணீர் குடிக்கிறானா, ஒன்றுக்குப் போகிறானா, மூச்சு வேகமாக வாங்குகிறதா, இந்த மூன்றை மட்டும் கவனிக்கச் சொன்னார்.

இவ்வளவும் சரியாகப் போய், காய்ச்சல் விட்ட மறுநாள் காலை பையன் கட்டிலிலிருந்து இறங்கி "கால் வைக்க முடியலம்மா" என்று அழுதான். எட்டி நின்று பார்த்தால் நுனிக்காலில் நடக்கிறான், குதிகாலைத் தரையில் ஊன்றவே மாட்டேன் என்கிறான். கெண்டைக்காலைத் தொட்டால் கத்தல். எனக்குக் கை கால் ஓடவில்லை. டாக்டரோ இதை எதிர்பார்த்தவர் மாதிரி இருந்தார். ஃப்ளூ, அதுவும் 'பி' வகை வைரஸ், பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் இறங்கும் சமயத்தில் கெண்டைக்கால் தசையில் அழற்சியை உண்டாக்குமாம். பையன்களுக்கு இது அதிகம். சில நாளில் தானாகச் சரியாகிவிடும். "ஒரே ஒரு விஷயம் பாருங்க. யூரின் காப்பி கலர்ல போச்சுன்னா உடனே வாங்க" என்றார். தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிப்பது மிக அபூர்வம்தான், ஆனால் அதற்கு அறிகுறி அதுதான். பையனுக்கு அப்படி எதுவும் ஆகவில்லை. நிறையத் தண்ணீர் கொடுத்து, பாத்ரூமுக்குத் தூக்கிக்கொண்டு போய், அந்த வாரம் கடந்தது.

அதற்குள் அத்தைக்கு வந்துவிட்டது. பையன் பாட்டியோடுதான் படுப்பான். காய்ச்சல் தெரிந்த அன்றே பிரித்துவிட்டோம், மாஸ்க் போட்டோம், ஜன்னலைத் திறந்து வைத்தோம் (திறந்தால் கொசு, மூடினால் ஃப்ளூ. கடைசியில் ஜன்னலுக்கு வலை அடித்தோம்). ஆனால் ஃப்ளூ, அறிகுறி தெரிவதற்கு முந்தின நாளே பரவ ஆரம்பித்துவிடும். முந்தின இரவே பாட்டி பேரனுக்குக் கதை சொல்லி முடித்தாயிற்று.

அத்தைக்கு 103 எல்லாம் இல்லை, 100-தான். பையனைப் போல முனகவும் இல்லை. சாப்பாடு வேண்டாம் என்றார், சீரியல் வேண்டாம் என்றார், காலையில் சொன்னதையே மதியம் மறுபடி கேட்டார். வயதானவர்களுக்குக் காய்ச்சல் பெரிதாகக் காட்டாது, சோர்வும் குழப்பமும்தான் முதலில் தெரியும். அவருக்கு இருபது வருடச் சர்க்கரை. அன்று சாயங்காலமே டாக்டரிடம் போனோம். இங்கே கணக்கே மாறியது. ஒசெல்டாமிவிர் முதல் 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன் என்பதால், டெஸ்ட் முடிவுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. 75 மி.கி. காலையும் இரவும், ஐந்து நாள். சிறுநீரகம் மந்தமாக இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும் என்று கிரியாட்டினின் மட்டும் அவசரமாகப் பார்க்கச் சொன்னார். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள் என்றும் எச்சரித்தார். சாப்பிட்டுத்தான் போட்டார், அப்படியும் முதல் மாத்திரைக்கு வாந்தி வந்தது.

"ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டர், நாளைக்கே எழுந்துடுவேன்" என்று அத்தை கேட்டார். டாக்டர் சிரித்தார். "போட்டா உங்களுக்கு நிம்மதியா இருக்கும்மா, வைரஸுக்கு ஒண்ணும் ஆகாது."

மாத்திரையைவிடச் சர்க்கரைதான் எங்களைப் படுத்தியது. சாப்பிடவே இல்லை, ஆனால் குளுக்கோமீட்டர் 300-ஐத் தாண்டியது. உடம்பு தொற்றோடு மல்லுக்கட்டும்போது சர்க்கரை ஏறும். அதே சமயம் வழக்கமான மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் தடாலென்று இறங்கவும் கூடும். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், எண்ணைப் பார்த்துவிட்டு போன் பண்ணுங்கள் என்பதுதான் உத்தரவு. கஞ்சியை அளந்து கொடுத்தோம்.

ஆக்சிஜன் பார்க்கும் கருவி கொரோனா காலத்தில் வாங்கியது, அலமாரியில் கிடந்தது. 94-க்குக் கீழே போனால் சொல்லுங்கள் என்றிருந்தார் டாக்டர். ஒரு ராத்திரி 89 காட்டியது. ஆம்புலன்ஸ் கூப்பிடும் நிலைக்கு வந்துவிட்டோம். ஆனால் அத்தை மூச்சு வாங்காமல் என் கணவரைத் திட்டிக்கொண்டிருந்தார். தீபாவளிக்கு வைத்த மருதாணி விரல் நுனியில் கறுத்துப் போயிருந்தது, விரலும் சில்லென்றிருந்தது. கையைத் தேய்த்துச் சூடாக்கி, மருதாணி இல்லாத கால் விரலில் மாட்டினோம். 97. நகப்பூச்சும் சில்லிட்ட விரலும் கருவியைக் குழப்பும். அடர்ந்த மருதாணியும் குழப்பலாம் என்றார் டாக்டர். எண் குறைவாக வந்து ஆள் நன்றாக இருந்தால் விரலை மாற்றிப் பாருங்கள். ஆள் திணறினால் எண்ணைப் பார்க்காமல் கிளம்புங்கள்.

எனக்கு வந்தபோது வைத்தியம் என்று எதுவும் இல்லை. தலைமுடியைத் தொட்டால்கூட வலித்தது, அவ்வளவுதான். டாக்டரின் கணக்கில் 'ஏ'. பாராசிட்டமால், பூண்டு ரசம், நொச்சி இலை போட்டு ஆவி. ஆவி பிடித்தால் வைரஸ் சாகாது, மூக்கு விடும், அதுவே பெரிய சுகம். பையனைக் கொதிக்கும் பாத்திரத்தின் பக்கம் விடவில்லை. அம்மா அனுப்பிய நிலவேம்பை நான் குடித்தேன். சர்க்கரை மாத்திரை போடுகிறவர் என்பதால் அத்தைக்கு டாக்டரைக் கேட்காமல் கொடுக்கவில்லை. இன்னொன்று, கடையில் சளிக்கு என்று கேட்டால் தரும் மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமாலும் கலந்திருக்கும். மேலே ஒரு 650 மி.கி. பாராசிட்டமாலும் போட்டால் கணக்கு எங்கேயோ போய்விடும். பெரியவர்களுக்கே ஒரு நாளுக்கு 4 கிராம்தான் உச்சவரம்பு, கல்லீரல் தாங்காது.

காய்ச்சல் விட்டாலும் இருமல் விடவில்லை, இரண்டு மாடி ஏறினால் நடுவில் நிற்க வேண்டியிருந்தது. டாக்டர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் பயந்தது வேறொன்றுக்கு. நன்றாகித் தேறிய பிறகு மறுபடி காய்ச்சலும் சளியும் வந்தால் அது நிமோனியாவாக இருக்கலாம், அப்போது ஆன்டிபயாடிக் தேவைப்படலாம். 1918-ல் இந்தியாவில் ஒரு கோடிக்கு மேல் சாகடித்த ஃப்ளூவிலும் பலரைக் கொன்றது பின்னால் வந்த இந்த பாக்டீரியா நிமோனியாதான் என்கிறார்கள். நல்லவேளை, எங்கள் வீட்டில் யாருக்கும் அது வரவில்லை.

என் கணவருக்கு மட்டும் கடைசி வரை எதுவும் இல்லை. அவர் ஆபீஸ் முகாமில் ஃப்ளூ தடுப்பூசி போட்டிருந்தார். ஊசியாலா அதிர்ஷ்டமா என்று சொல்ல முடியாது. ஊசி போட்டவர்களுக்கும் வரும், ஆனால் பெரும்பாலும் ஆஸ்பத்திரி வரை இழுக்காது. வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் வருடா வருடம் போட வேண்டும். 2020 மார்ச்சுக்குப் பிறகு 'பி யமகாட்டா' என்ற ஒரு வகை உலகில் எங்குமே தென்படவில்லை என்பதால், நான்கு வகைக்கான ஊசி இப்போது மூன்று வகைக்கு மாறி வருகிறது. அரசின் வழக்கமான தடுப்பூசிப் பட்டியலில் இது இல்லை, காசு கொடுத்துத்தான் போட வேண்டும். உயிருள்ள வைரஸ் இல்லாத ஊசி என்பதால் அதனாலேயே ஃப்ளூ வராது. பாதுகாப்பு வர இரண்டு வாரம் ஆகும். அதனால் இந்த வருடம் மழைக்கு முன்னால், ஆவணியிலேயே போட்டுவிட்டோம். ஒன்பது வயதுக்குள் முதன்முறை போடும் பிள்ளைகளுக்கு நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி. பையனின் பிறந்தநாள் புரட்டாசி கடைசியில் என்பதால் அந்தக் கணக்கில் மாட்டிக்கொண்டான், அடுத்த மாதம் இன்னொன்று பாக்கி இருக்கிறது. அத்தை நிமோனியாவுக்கான ஊசியையும் சேர்த்துப் போட்டுக்கொண்டார். ஒரு வழியாக டாக்டர் கையால் ஊசி, அதுவும் இரண்டு.