டில்லியில் ஒரே சஷ்டி, இரண்டு விரதம்

டில்லியில் கந்த சஷ்டி நெருங்குவதைத் தெரிந்துகொள்ளப் பஞ்சாங்கம் பார்க்கவே வேண்டாம். தீபாவளிப் புகை அடங்குவதற்குள் எங்கள் தெருமுனையில் கரும்புக் கட்டுகளும் மூங்கில் முறங்களும் வந்து இறங்கிவிடும். பீகார்க்காரர்களின் சத் பூஜைக்காக வருபவை அவை. அவர்களுக்கும் நமக்கும் ஒரே திதிதான். தீபாவளி அமாவாசை கழிந்து வரும் வளர்பிறை சஷ்டி. 2024-இல் நவம்பர் 7, 2025-இல் அக்டோபர் 27 என்று இரண்டும் ஒரே நாளில் வந்தன. பஞ்சமியோடு சேர்ந்த சஷ்டியை நாம் எடுத்துக்கொள்வதால் சில வருஷம் நமக்கு ஒரு நாள் முந்திவிடும். 2023-இல் அப்படித்தான் ஆனது.

அம்மாவுக்குத் திருச்செந்தூர்ப் பக்கம். அங்கே சஷ்டி ஆறு நாளும் கோயில் வளாகத்திலேயே தங்கி விரதம் இருக்கிற வழக்கம் உண்டு. கல்யாணமாகி டில்லிக்கு வந்த பிறகு அம்மாவுக்கு அந்த இடத்தில் அமைந்தது ராமகிருஷ்ணபுரத்தில் குன்றின்மேல் இருக்கும் உத்தர சுவாமிமலை. ஆட்டோக்காரரிடம் அப்படிச் சொன்னால் முழிப்பார், ‘மலை மந்திர்’ என்றால் உடனே வண்டியைக் கிளப்புவார்.

பிரதமை அன்று காலையில் அம்மா காப்புக் கட்டிக்கொள்வார். பூஜை அலமாரிக்கு முன்னால் அரிசி மாவில் அறுகோணக் கோலம். ஒவ்வொரு மூலையிலும் ச, ர, வ, ண, ப, வ என்று ஓர் எழுத்து. முதல் நாள் ஒரு விளக்கு, மறுநாள் இரண்டு என்று ஏறி ஆறாம் நாள் ஆறு மூலையிலும் விளக்கு எரியும். பகலில் பால், பழம். ராத்திரி உப்பில்லாத ஓர் ஆகாரம். கவசத்தைத் தினம் முப்பத்தாறு தடவை சொல்ல வேண்டும் என்பது கவசத்திலேயே இருக்கிறது. அம்மா சொல்லிவிடுவார். வேலைக்குப் போகிற எனக்குக் காலையில் ஆறு, மெட்ரோவில் போகும்போது மனசுக்குள் இன்னும் சில, அவ்வளவுதான் முடியும். முருகனுக்கு அது தெரியும் என்று நம்புகிறேன்.

எங்கள் கீழ்வீட்டுப் பாபிஜிக்கு (இந்தியில் அண்ணி) ஊர் பீகாரின் தர்பங்கா. நாம் ஆறு நாள் இருப்பதை அவர்கள் நாலு நாளில் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் கடுமையை நினைத்தால் எனக்குக் கை தானாகக் கூப்பிக்கொள்ளும். சதுர்த்தியில் குளித்து ஒருவேளை சுத்தமான சாப்பாடு. பஞ்சமி சாயங்காலம் வெல்லம் போட்ட பாயசமும் ரொட்டியும். அதற்கப்புறம் சுமார் முப்பத்தாறு மணி நேரம் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. சஷ்டி அன்று அஸ்தமிக்கிற சூரியனுக்கும் சப்தமி விடியலில் உதிக்கிற சூரியனுக்கும் நீரில் நின்று அர்க்கியம் விட்ட பிறகுதான் வாயில் எதுவும் படும். கோதுமை மாவும் வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பிசைந்து, மர அச்சில் அழுத்தி, மாவிறகு அடுப்பில் பொரித்தெடுப்பார்கள், தேக்குவா என்று. அந்தச் சமயத்தில் அடுப்படிப் பக்கம் யாரையும் விடமாட்டார்கள். மடி ஆசாரத்தில் என் பாட்டி தோற்றுப்போவார்.

சஷ்டி அன்று சாயங்காலம் நாங்கள் மலை மந்திருக்குக் கிளம்பும்போது, பாபிஜி வீட்டு ஆண்கள் பழமும் தேங்காயும் நிறைந்த கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பூங்காவில் வெட்டிய தற்காலிகக் குளத்துக்கு நடப்பார்கள். பாபிஜியின் மூக்கு நுனியிலிருந்து வகிடு வரை ஆரஞ்சு நிறச் சிந்தூரம். அம்மா நின்று கும்பிடுவார். அவர் பதிலுக்கு அம்மாவின் காப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். இருவருக்கும் பொதுவாக அரைகுறை இந்தி. அதற்கு மேல் பேச்சு தேவைப்பட்டதில்லை.

மலை மந்திரில் மூலவர் தகப்பனுக்கே பிரணவம் சொன்ன சுவாமிநாதன். 1973-இல் கும்பாபிஷேகம் ஆன கோயில். சோழர் பாணியில் முழுக்கக் கருங்கல். கீழே ‘யாமிருக்க பயமேன்’ என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டுப் படியேறினால் முழங்கால் வலி பாதி குறைந்துவிடும், இது அம்மாவின் வாக்கு. குன்றைச் சுற்றி இருக்கும் மரங்களில் நிஜ மயில்கள் அகவும். சஷ்டி சாயங்காலம் மேலே நிற்க இடம் கிடைக்காது. கரோல் பாக், ஜனக்புரி, மயூர் விகார் என்று எல்லாப் பக்கத்துத் தமிழரும் அங்கே இருப்பார்கள். பாதிப் பிள்ளைகள் தங்களுக்குள் இந்தியில் பேசும். தீபாராதனையில் அரோகரா போடும்போது மட்டும் உச்சரிப்பு அச்சு அசலாகத் தமிழ்நாடு. போன சஷ்டிக்கு வேல் தூக்கிய உற்சவரை நான் அருகில் பார்த்தேன். சந்தனக்காப்பு கழுத்தோரம் மெல்ல வெடித்து, அதற்குள் செவ்வரளி ஒன்று செருகியிருந்தது. கண் அங்கேயே நின்றுவிட்டது. கேட்க நினைத்த எதையும் கேட்கவில்லை.

திருச்செந்தூரில் சம்ஹாரம் முடிந்ததும் ஜனங்கள் கடலில் குளிப்பார்கள். டில்லியில் கடலுக்கு எங்கே போவது? வீட்டுக்கு வந்ததும் அம்மா வாளித் தண்ணீரில் ஒரு பிடி கல்லுப்பைப் போட்டுக் கரைத்து, “செந்திலாண்டவா” என்று தலையில் ஊற்றிக்கொள்வார். இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவராகக் கண்டுபிடித்தது. இப்போது நானும் செய்கிறேன், என் பெண்ணும் செய்கிறாள். ஒரு குடும்ப வழக்கம் பிறப்பதைக் கண்ணெதிரே பார்த்த பாக்கியம் எனக்கு.

மறுநாள் சப்தமி, தெய்வானை திருக்கல்யாணம். இங்கேதான் எனக்குப் பல வருஷம் தெரியாமலே இருந்த ஒரு விஷயம். மகாபாரத வனபர்வத்தில் கந்தனை மணக்கும் தேவசேனைக்குச் சஷ்டி என்றும் ஒரு பெயர் சொல்லப்பட்டிருக்கிறது. குழந்தைகளைக் காக்கும் சஷ்டி தேவி கந்தனின் மனைவி தேவசேனைதான் என்று பிரம்ம வைவர்த்த புராணமும் சொல்கிறது. பீகார்ப் பெண்கள் சத்தீ மையா என்று கும்பிடும் தாயை அந்தச் சஷ்டி தேவியாகவே பலரும் கொள்கிறார்கள். அப்படியென்றால் பாபிஜி இடுப்பளவு தண்ணீரில் நின்று தன் பிள்ளைகளுக்காக வேண்டிக்கொண்ட தாய்க்குத்தான் அன்றைக்கு எங்கள் கோயிலில் மாலை மாற்றுகிறார்கள்! அம்மாவிடம் சொன்னேன். கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. “பின்னே? அதனாலதானே ரெண்டு பேருக்கும் ஒரே நாள் வருது” என்றார்.

கல்யாணம் பார்த்து வந்துதான் எங்கள் வீட்டில் பாரணை, விரதம் முடிக்கும் சாப்பாடு. அம்மா சர்க்கரைப் பொங்கலோடு கீழே போவார், தேக்குவாவோடு மேலே வருவார். அந்தத் தேக்குவா முதலில் முருகன் படத்துக்கு முன்னால் போகும், அப்புறம்தான் எங்களுக்கு.

சஷ்டி சமயத்தில் டில்லியில் இருக்க நேர்ந்தால் சாயங்காலம் கொஞ்சம் முன்கூட்டியே மலை மந்திர் போய்விடுங்கள். மறுநாள் விடிவதற்கு முன் எழுந்து, பக்கத்தில் எங்கே சத் பூஜை நடக்கிறது என்று கேட்டு அங்கேயும் போங்கள். அர்க்கியம் விடும்போது பால் ஊற்றக் கை நீட்டினால் யாரும் எந்த ஊர் என்று கேட்கமாட்டார்கள். பிரசாதம் கேட்டும் வாங்கலாம், அது அவர்கள் வழக்கம்தான். விடியற்காலைப் பனிக்கு ஒரு ஸ்வெட்டர் இருக்கட்டும்.