பாலித் தோட்டத்துக்கு முதலில் வேண்டியது வெற்றிடம்

வீட்டில் பாலித் தீவுப் பாணியில் தோட்டம் அமைக்க வேண்டும் என்று நர்சரியில் கேட்டால், அநேகமாக எல்லா இடங்களிலும் ஒரே பொருள்களைத்தான் காட்டுகிறார்கள்: ஒரு புத்தர் தலை, இரண்டு மூட்டை வெள்ளைக் கூழாங்கல், மூங்கில் குழாய் வழியே சொட்டும் நீர்த்தொட்டி, சில அலங்காரப் பனைகள். பாலியில் பெரும்பான்மையோர் இந்துக்கள். அவர்களுடைய வீட்டு முற்றத்தில் வெட்டிய புத்தர் தலைக்கு எந்த வேலையும் இல்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். இந்தப் பொருள்கள் அனைத்தையும் வாங்கி வைத்தாலும் அந்தத் தோட்டம் பாலித் தோட்டமாகிவிடாது என்பதே என் கருத்து. அதன் உயிர் செடியிலோ சிலையிலோ இல்லை. சுவரும், திரும்பிச் செல்லும் பாதையும், எதையும் நடாமல் விட்ட தரையும் சேர்ந்து உண்டாக்கும் அமைப்பில் இருக்கிறது.

பாலியின் கிராமத்து வீடு ஒற்றைக் கட்டடம் அன்று. சுற்றிலும் மதில், உள்ளே தனித்தனியாக நிற்கும் மண்டபங்கள், நடுவில் 'நதாஹ்' எனப்படும் திறந்த முற்றம் என்பதே அதன் வடிவம். தீவின் தென்பகுதியில், ஆகுங் மலையை நோக்கிய வடகிழக்கு மூலையில் குடும்பக் கோயில் இருக்கும். சமையற்கட்டு கடலை நோக்கிய தெற்குப் பக்கத்தில் இருக்கும். முற்றத்துத் தரை, காலையில் பெருக்கிச் சுத்தம் செய்யப்பட்ட வெறும் மண்தான். வாழை, தென்னை, மூங்கில், பலா ஆகியவை அடர்ந்து வளர்வது வீட்டுக்குப் பின்னால் உள்ள 'தெபா' என்னும் கொல்லையில். பன்றியும் கோழியும் வளர்வதும் அங்கேதான். மண்டபங்களுக்கு அருகே நிற்கும் சில பூமரங்கள், அன்றாடம் தென்னங்குருத்துத் தட்டில் வைத்துப் படைக்கும் 'சனாங் சாரி' காணிக்கைக்குப் பூக்கொடுப்பதற்காகவே வளர்க்கப்படுகின்றன. அந்தத் தட்டில் கிழக்கே வெள்ளை, தெற்கே சிவப்பு, மேற்கே மஞ்சள், வடக்கே நீலம் அல்லது பச்சை என்று பூக்களுக்குத் திசை உண்டு. எந்த நிறப் பூ வீட்டில் வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அலங்காரம் அல்ல, வழிபாடு.

அப்படியானால், உலகெங்கும் 'பாலித் தோட்டம்' என்று விற்கப்படும் அந்த அடர்ந்த பசுமை எங்கிருந்து வந்தது? அதன் பிறப்பிடம் பெருமளவுக்குப் பாலியின் சானூர்க் கடற்கரை. 1962-இல் அங்கே தொடங்கப்பட்ட தஞ்சுங் சாரி விடுதி, மாடிக் கட்டடம் எழுப்பாமல் தோட்டத்துக்குள் சிறு சிறு வீடுகளை அமைத்தது. 1970-களின் தொடக்கத்தில் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா அதே சானூரில் பத்துஜிம்பார் வீடுகளை வடிவமைத்தார். பெந்தோட்டைக்கு அருகே ஒரு பழைய ரப்பர்த் தோட்டத்தை வாங்கி, அதை லுனுகங்க என்ற பெயரில் பல்லாண்டுகள் செதுக்கிக்கொண்டிருந்தவர் அவர். வீட்டுக்கும் வெளிக்கும் இடையே கோடு கிழிக்காத அந்தப் பழக்கம் பாலியில் அவருக்கு இயல்பாகக் கைகொடுத்தது. 1973-இல் சிட்னியிலிருந்து வந்து சேர்ந்த மைக்கேல் ஒயிட், பின்னாளில் மதே விஜயா என்ற பெயரில் பாலியின் மிகப் புகழ்பெற்ற தோட்டக் கலைஞர் ஆனார். 2016-இல் மறைந்த அவர், இங்கிலாந்துக் கிராமத்துத் தோட்டங்களின் ஒழுங்கற்ற செழிப்பை வெப்பமண்டலச் செடிகளைக் கொண்டு உருவாக்கினார். பாடகர் டேவிட் போவிக்குக் கரீபியன் தீவொன்றில் அவர் தோட்டம் அமைத்துக் கொடுத்ததைப் பார்த்தால், அந்தப் பாணி எவ்வளவு தொலைவு போயிற்று என்பது விளங்கும். ஆக, நாம் ஆசைப்படுவது கிராமத்து முற்றமும் விடுதித் தோட்டமும் கலந்த ஒன்று. இரண்டையும் பிரித்துப் புரிந்துகொண்டால் சிறிய இடத்திலும் அதை அமைத்துவிடலாம்.

எங்கள் வீட்டின் பின்னால் இருபதடிக்கு முப்பதடி நிலம் இருக்கிறது. வரைபடத்தில் நான் முதலில் குறித்தது ஒரு குட்டைச் சுவரை. பாலி வீட்டு வாயிலைத் தாண்டியதும் எதிரே ஒரு தடுப்புச் சுவர் நிற்கும். அதற்கு 'அலிங்-அலிங்' என்று பெயர். தீய சக்திகள் நேர்கோட்டில் மட்டுமே செல்லும், திரும்பத் தெரியாது என்பது நம்பிக்கை. நம் ஊர்ப் பழைய வீடுகளிலோ வாசலில் நின்றால் கொல்லைக் கதவு வரை நேராகத் தெரிய வேண்டும் என்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் இரு மரபுகளும் நேர் எதிர். நம்பிக்கையை விட்டுவிட்டுப் பார்த்தாலும் இதில் பெரிய வித்தை இருக்கிறது. கதவைத் திறந்தவுடன் தோட்டம் முழுவதும் கண்ணில் பட்டுவிட்டால் அதன் அளவு உடனே தெரிந்துவிடும். இடுப்புயரச் சுவரைச் சுற்றி நடந்து சென்றால் அதே இடம் இருமடங்காகத் தோன்றும். சுவருக்குப் பாலியில் 'பராஸ்' என்னும் மென்மையான எரிமலைக் கல்லைப் பயன்படுத்துகிறார்கள். நமக்கு அதற்கு ஈடாகச் செம்புரைக்கல் நன்றாகப் பொருந்தும், ஏனெனில் அதுவும் நுண்துளைகள் நிறைந்து ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பெயிண்ட் அடிக்காமல் நிழலில் விட்டால், ஓரிரு மழைக்காலங்களில் பாசி தானாகப் படரும்.

அடுத்து, நடுத் தரை. மொத்த நிலத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது காலியாக விட வேண்டும். புல்தரை போட வேண்டாம் என்பேன்; தண்ணீரும் வேலையும் மிகுதி, பாலி முற்றத்தின் தோற்றமும் அதனால் வராது. கெட்டியாக்கிய மண்ணோ, இடைவெளி விட்டுப் பதித்த கற்பலகைகளோ போதும்.

செடிகளில் இது பாலியின் சொந்தச் செடி என்று பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். பாலி என்றதும் நினைவுக்கு வரும் கள்ளிமந்தாரையின் தாயகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். காகிதப்பூ தென்னமெரிக்காவைச் சேர்ந்தது; வாழை போன்ற இலைகள் கொண்ட ஹெலிகோனியாவின் பெரும்பாலான வகைகள் மத்திய, தென்னமெரிக்காவைச் சேர்ந்தவை. எனவே உயர அடுக்குகளைப் பார்த்து நடுவதே முறை: மேலே ஒரு மரம், அதன் கீழே வாழையும் செம்பருத்தியும் ஹெலிகோனியாவும், தரையையொட்டிச் சேம்பும் பெரணியும். செடிகளை மதிலோரமாக நெருக்கி நட்டு, நடுவை நோக்கித் தாழ்ந்துவரச் செய்ய வேண்டும்.

கள்ளிமந்தாரையைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை; முற்றிய கிளையொன்று கிடைத்தால் போதும். ஓர் அடிக்குக் குறையாத துண்டாக வெட்டி, இலைகளைக் கிள்ளிவிட்டு, நிழலில் ஒரு வாரம் சாய்த்து வைக்க வேண்டும். வெட்டுவாயில் வடிந்த பால் காய்ந்து தோல்போல் மூடிய பிறகே மணல் கலந்த மண்ணில் ஊன்ற வேண்டும். ஈரப் பாலோடு ஊன்றினால் தண்டு அடியிலிருந்து அழுகி, விரலால் அழுத்தினால் கொழகொழவென்று அமுங்கும். தளிர் விடும் வரை தண்ணீர் குறைவாகவே போதும். மழைக்காலத்தில் இலையின் அடியில் ஆரஞ்சுத் தூள் படிந்தால் அது துரு நோய். அந்த இலைகளைப் பறித்து எரித்துவிட வேண்டும், உரக்குழியில் போடக்கூடாது.

நீருக்குப் பாலியின் உபுட் ஊரில் உள்ள சரஸ்வதி கோயில் தாமரைக் குளத்தை முன்மாதிரியாகக் கொள்ள நம்மிடம் இடமில்லை. இரண்டடி ஆழத் தொட்டியில் ஆம்பலும், கொசுப்புழுவைத் தின்னக் கப்பி மீன்களும் விடலாம். ஆம்பலுக்கு நாளுக்கு ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும் என்பதால், தொட்டியை மரத்தடியில் வைக்கும் அழகான யோசனையைக் கைவிடுங்கள்; உதிரும் பூ நீரில் மிதப்பது படத்துக்கு நன்றாக இருக்கும், மறுநாளே பழுப்பேறி அழுகத் தொடங்கும்.

சிலை வைப்பதாயின் ஒன்றே ஒன்று போதும், அதுவும் கடைசியில். பாலியில் வாயிற்காவலர் சிலைகளுக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட 'போலெங்' துணியைக் கட்டிப் படையலும் வைக்கிறார்கள்; வெறும் அலங்காரமாக அதை நகலெடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. விளக்குகளைத் தரையோடு தாழ்வாக, மஞ்சள் ஒளியில், எண்ணிக்கையில் குறைவாக வையுங்கள்.

எஞ்சியது பராமரிப்பு. இவ்வகைத் தோட்டம் கவனிக்காவிட்டால் ஓராண்டுக்குள் புதராகிவிடும். ஹெலிகோனியாவின் கிழங்கு மண்ணுக்கடியில் பக்கவாட்டில் ஓடும். நடும்போதே சுற்றிலும் ஓரடி ஆழத்துக்குத் தகரமோ கற்பலகையோ இறக்கிவிட வேண்டும். பூத்து முடிந்த தண்டு மறுபடி பூக்காது, ஆகவே அடியோடு அறுத்து வாழைக் குழியில் போட்டுவிடலாம். மூங்கில் ஆசை இருந்தால், பரவி ஓடும் வகையைத் தவிர்த்துக் கொத்தாக வளரும் வகையாகப் பார்த்து வாங்கி, அதையும் மதிலிலிருந்து தள்ளியே நடுங்கள்.