அக்காவின் எலும்பும் ஒரு புரதமும்

2024 மார்ச் 4

அக்காவின் இடுப்பெலும்புக்குப் புற்று பரவியிருக்கிறது. ஆறு ஆண்டுகளுக்கு முன்பு மார்பகத்தில் வந்தது, போய்விட்டது என்று நினைத்திருந்தோம். “மார்பில் இருந்தது இடுப்புக்கு ஏன் போக வேண்டும்?” என்று அத்தான் கேட்டார். கல்லூரியில் விலங்கியல் நடத்தும் எனக்குப் பதில் வரவில்லை. இனி படிப்பதையெல்லாம் இங்கே எழுதி வைக்கப் போகிறேன்.

மார்ச் 7

இதே கேள்வியை 1889இல் லண்டன் மருத்துவர் ஸ்டீபன் பாகெட் கேட்டிருக்கிறார். மார்பகப் புற்றால் இறந்த 735 பேரின் பதிவுகளைப் புரட்டிவிட்டு, விதை எங்கும் விழலாம், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்றார். எலும்பு எதனால் ஏற்ற மண் ஆகிறது?

மார்ச் 9

இரவு இரண்டு மணி வரை படித்தேன். 1941இல் பாஸ்டனில் ஃபுல்லர் ஆல்பிரைட் ஒரு சிறுநீரகப் புற்று நோயாளியின் இரத்தத்தில் கால்சியம் ஏறியிருப்பதைக் கண்டு, இரத்தத்தில் கால்சியத்தை ஏற்றும் பாராதைராய்டு ஹார்மோன் போன்ற ஒன்றைக் கட்டியே சுரக்கிறதோ என்று ஐயுற்றார். அந்தப் பொருள் கைக்குக் கிடைக்க 46 ஆண்டுகள் ஆயின. 1987இல் மெல்போர்னில் ஜான் மார்ட்டின் குழுவினர் நுரையீரல் புற்றுச் செல்களிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். முதல் 13 அமினோ அமிலங்களில் 8 அந்த ஹார்மோனுடையவையே. அதனால் ஹார்மோனுக்குத் திறக்கும் கதவு இதற்கும் திறக்கிறது. பெயர், பாராதைராய்டு ஹார்மோன் சார்ந்த புரதம்.

மார்ச் 12

இன்று புரிந்தது. எலும்புக்குள் நுழைந்த புற்றுச் செல் எலும்பைத் தானே அரிப்பதில்லை. இந்தப் புரதத்தைச் சுரந்து, எலும்பைக் கட்டும் செல்களைத் தூண்டுகிறது. அவை ‘ராங்க்-எல்’ என்ற சமிக்ஞையைக் கூடுதலாக வெளியிட, எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் பெருகுகின்றன. எலும்பு கரையும்போது அதற்குள் புதைந்து கிடந்த வளர்ச்சிக் காரணிகள் வெளியே வருகின்றன. டிஜிஎஃப்-பீட்டா அவற்றில் முக்கியமானது. அதைப் பெற்ற புற்றுச் செல் முன்னிலும் அதிகமாகப் புரதத்தைச் சுரக்கிறது. கரையக் கரையக் கட்டி வளர்கிறது, வளர வளர எலும்பு கரைகிறது. அக்கா இரவில் புரண்டு படுக்க முடியாமல் தவிப்பது இதனால்தான்.

1996இல் டெக்சாஸின் சான் அன்டோனியோவில், மனித மார்பகப் புற்றுச் செல்களைச் செலுத்திய சுண்டெலிகளில் எதிர்ப்பொருளால் இந்தப் புரதத்தை முடக்கிப் பார்த்தார்கள். எலும்புச் சேதம் குறைந்தது, எலும்பிலிருந்த கட்டியின் அளவும் குறைந்தது. அந்த வரியை மூன்று முறை படித்தேன்.

மார்ச் 13

எலும்பிலேயே பிறக்கும் புற்றான ஆஸ்டியோசார்கோமாவிலும் இந்தப் புரதத்துக்குப் பங்குண்டு. புற்றைத் தடுக்கும் பி53 மரபணுவை இழந்த செல்களில் இப்புரதத்தின் சமிக்ஞை ஓங்குவதை மெல்போர்ன் ஆய்வாளர்கள் 2016இல் காட்டினார்கள்.

மார்ச் 15

இதை எழுதும்போது கை நடுங்குகிறது. இது புற்றுநோய் படைத்த பொருளே அல்ல. தாய்ப்பால் சுரக்கும் காலத்தில் மார்பகம் இதே புரதத்தை இரத்தத்தில் விட்டு, தாயின் எலும்பிலிருந்து கால்சியத்தைப் பாலுக்குக் கொண்டுவருகிறது. பால் மறந்த பின் எலும்பு மீண்டும் தேறிவிடுகிறது. அக்கா இரண்டு பிள்ளைகளை இப்படித்தான் வளர்த்தாள். பிள்ளைக்குப் பால் கொடுக்க உடம்பு வைத்திருந்த வழியில் இந்த நோய் நடந்து போயிருக்கிறது. என்னால் அதை மன்னிக்க முடியவில்லை.

மார்ச் 21

முதல் ஊசி போட்டாகிவிட்டது. டெனோசுமாப், 120 மில்லிகிராம், நான்கு வாரத்துக்கு ஒருமுறை. அது புரதத்தைத் தொடுவதில்லை, ராங்க்-எல்லைப் பிடித்து வைக்கிறது. முன்னதாகப் பல் மருத்துவரிடமும் காட்டினோம், இந்த மருந்தால் தாடையெலும்பு பாதிக்கப்படலாம் என்பதால்.

புரதத்தையே ஏன் அடக்கவில்லை என்று அத்தான் கேட்டார். மார்பகத்துக் கட்டியில் இது சுரக்கும் பெண்கள் கூடுதல் காலம் வாழ்ந்ததாக மெல்போர்ன் ஆய்வு ஒன்று சொல்வதைக் காட்டினேன். மார்பில் ஒரு குணம், எலும்பில் வேறு குணம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை படித்தார்.

அக்கா தூங்குகிறாள். எட்டு மணிக்குக் கால்சியம் மாத்திரை கொடுக்க வேண்டும்.