மல்லாந்து படுக்காமல் இருக்க நான் பட்ட பாடு

தூக்கப் பரிசோதனை ரிப்போர்ட் கையில் வந்தால் எல்லாரும் முதல் பக்கத்து எண்ணைப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுகிறார்கள். என் ரிப்போர்ட்டில் முதல் பக்கத்தில் ஏ.எச்.ஐ. 21 என்று இருந்தது, அதாவது தூக்கத்தில் மணிக்கு 21 தடவை மூச்சு நின்றிருக்கிறது அல்லது நன்றாகக் குறைந்திருக்கிறது, ஒவ்வொரு தடவையும் குறைந்தது 10 விநாடி. 5-லிருந்து 15 வரை லேசான ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய்), 15-லிருந்து 30 வரை நடுத்தரம், அதைத் தாண்டினால் கடுமை. உள்ளே புரட்டினால் அதே எண்ணைப் படுத்திருந்த நிலைவாரியாகப் பிரித்துப் போட்டிருந்தார்கள். மல்லாந்து படுத்தபோது 38. ஒருக்களித்துப் படுத்தபோது 7. எனக்கு வைத்தியமே இந்த இரண்டு எண்ணிலிருந்துதான் ஆரம்பித்தது.

எனக்கு வயது 51. வீடு தண்டையார்பேட்டை, வேலை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுவது. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் கம்ப்யூட்டர் முன்னால் கண் சொக்கும், காலையில் எழுந்தால் தலைவலி, நாக்கு வறண்டு கிடக்கும், ராத்திரியில் பலமுறை பாத்ரூம் போக வேண்டியிருக்கும். சர்க்கரையோ என்று டெஸ்ட் எடுத்தால் இல்லை. மாதவிலக்கு நிற்கிற வயசு, அப்படித்தான் இருக்கும் என்று சொன்னவர்கள்தான் அதிகம். மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. குறட்டை விஷயமும் அப்படித்தான். ஆம்பளை குறட்டை விட்டால் ஜோக், பொம்பளை விட்டால் வெளியே சொல்லவே கூடாது. என் வீட்டுக்காரர் மட்டும் "கொருக்குப்பேட்டை யார்டுல கூட்ஸ் வண்டி ஷன்டிங் பண்ற மாதிரி இருக்கு, நடுவுல திடீர்னு சத்தமே நின்னுடுது, அதான் பயமா இருக்கு" என்று ஒருநாள் சொல்லிவிட்டார். அந்த 'நின்னுடுது'தான் என்னை டாக்டரிடம் கொண்டு போய்ச் சேர்த்தது.

மல்லாந்து படுக்கும்போது நாக்கின் அடிப்பகுதியும் மேலண்ணத்தின் பின்பக்கச் சதையும் தொண்டைப் பக்கமாகச் சரிந்து மூச்சுப் பாதையை அடைத்துவிடுகின்றன. சிலருக்கு எப்படிப் படுத்தாலும் அடைக்கும், என்னைப் போன்றவர்களுக்கு மல்லாந்தால்தான் அதிகம். டாக்டர் முதலில் சொன்னது சி-பாப் மெஷின், மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி உள்ளே அனுப்புவது. 1981-லிருந்து இருக்கும் சிகிச்சை, நன்றாக வேலை செய்யும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் என் ஒருக்களித்த எண் இவ்வளவு குறைவாக இருப்பதாலும், ரத்தத்தில் ஆக்சிஜன் பெரிதாக இறங்காததாலும், இதய நோய் எதுவும் இல்லாததாலும், முதலில் படுக்கும் விதத்தை மாற்றிப் பார்க்கலாம், அப்புறம் மறுபடி டெஸ்ட் எடுத்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்.

எல்லாரும் சொல்லும் வழி டென்னிஸ் பால். முதுகில் பந்தைக் கட்டிக்கொண்டால் மல்லாந்து திரும்பும்போது உறுத்தும், தானாகவே புரண்டுவிடுவோம். பந்துக்கு எங்கள் தெருவில் பஞ்சமே இல்லை, பையன் கிரிக்கெட் ஆடி ரோமமெல்லாம் உதிர்ந்த பந்து ஒன்று பீரோவுக்கு அடியிலேயே கிடந்தது. தெருமுனை தையல்காரரிடம் நைட்டியின் முதுகில் ஒரு பாக்கெட் வைத்துத் தரச் சொன்னேன், அவர் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு "முன்னாடிதானேக்கா?" என்று இரண்டு தடவை கேட்டார். நைட்டி லூசான துணி, ராத்திரி புரளப் புரள அது சுற்றிக்கொண்டு பந்து அக்குளுக்குக் கீழே வந்து நின்றது. சரி என்று பையனின் பழைய இறுக்கமான டி-ஷர்ட்டில், இரண்டு தோள்பட்டை எலும்புக்கும் நடுவில் பாக்கெட்டை மாற்றித் தைத்தேன். இப்போது பந்து நகரவில்லை, ஆனால் கட்டிலில் இருந்த இலவம்பஞ்சு மெத்தையில் அது அமுங்கிப் போய் உறுத்தவே இல்லை. பாயில் படுத்தால் உறுத்தியது, உறுத்தின உறுத்தலில் ராத்திரி முழுக்க அரைத் தூக்கம். மூச்சு முட்டி விழிப்பதற்குப் பதில் பந்து குத்தி விழிப்பது என்ன வைத்தியம்? பந்து முறையைப் பாதிப்பேருக்கு மேல் கொஞ்ச நாளில் விட்டுவிடுவார்கள் என்று டாக்டரே சொன்னார், எனக்கு ஆச்சரியமாக இல்லை.

எனக்குச் சரிப்பட்டது ஸ்கூல் பை. பையனின் சின்ன வயசுப் பை, அதில் பழைய காட்டன் புடவைகளை இறுக்கமாக உருட்டித் திணித்து, மாட்டிக்கொண்டு, இரண்டு வார்களையும் நெஞ்சுக்கு முன்னால் ஒரு துணிப்பட்டையால் சேர்த்துக் கட்டிவிடுவேன். இது குத்துவதில்லை, வெறுமனே மல்லாந்து விழ விடாது, அவ்வளவுதான். மே மாதத்தில் முதுகு வேர்த்துக் கொட்டும் என்பது மட்டும் குறை. அந்த நாட்களில் பையைக் கழற்றிவிட்டு, சுவரோரமாக நகர்ந்து, முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் நீளத் தலையணையைச் செருகிக்கொள்வேன். ஒரே ரூமில் நாலு பேர் வரிசையாகப் படுக்கிற வீட்டில் சுவரோர இடம் என்பது சாமானியமாகக் கிடைப்பதில்லை. ஃபேனுக்கு நேர் கீழே இருந்த என் இடத்தைப் பையனுக்குக் கொடுத்துதான் அதை வாங்கினேன்.

ஆனால் மல்லாராமல் தடுப்பது பாதி வேலைதான். ஒருக்களித்தே கிடந்தால் கீழே இருக்கும் தோளும் இடுப்பும் வலிக்கும், வலித்தால் தூக்கத்திலேயே உடம்பு மல்லாரப் பார்க்கும், அங்கேதான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். தலையணையின் உயரம் காதுக்கும் தோள் முனைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை நிரப்ப வேண்டும். என் தலையணை நசுங்கிப் போயிருந்தது, அடியில் ஒரு போர்வையை மடித்து வைத்ததும் கழுத்து நேரானது. முழங்காலுக்கு நடுவில் இன்னொரு தலையணை. கட்டிப்பிடித்துக்கொள்ள ஒன்று இருந்தால் மேல்கை முன்னால் தொங்கித் தோளை இழுக்காது. பந்தை விட இந்தத் தலையணைகள்தான் என்னை ஒருக்களித்தே வைத்திருந்தன என்று சத்தியம் செய்வேன். இடது பக்கம் படுத்தால் எனக்கு நெஞ்செரிச்சலும் குறைந்தது, அது இனாம்.

குறட்டை குறைந்துவிட்டது என்று வீட்டுக்காரர் சர்டிபிகேட் கொடுத்துவிட்டார். அதை நம்பி நிறுத்த முடியாது, சத்தம் குறைந்தாலும் மூச்சு நிற்பது தொடரலாம். மறு டெஸ்டுக்கு வீட்டிலேயே கட்டிக்கொள்ளும் சின்ன மெஷின் கொடுத்தார்கள், நெஞ்சில் ஒரு பெல்ட், மூக்கில் டியூப், விரலில் கிளிப். பையையும் மாட்டிக்கொண்டு, இதையும் மாட்டிக்கொண்டு படுத்தேன், வீட்டில் எல்லாரும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஏ.எச்.ஐ. 8 வந்தது, மல்லாந்த நேரம் கிட்டத்தட்ட இல்லை.

8 என்பது முழுக்கச் சரியானது இல்லை, லேசான அளவுதான். டாக்டர் எடையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார், கூடினால் மறுபடி டெஸ்ட், அப்போது சி-பாப் மெஷின் வேண்டுமென்றால் வாங்கிக்கொள்வேன். எண் 30-க்கு மேல் இருப்பவர்களோ, ஒருக்களித்தாலும் குறையாதவர்களோ இந்தப் பை வித்தையை நம்பி மெஷினைத் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் ரிப்போர்ட்டில் நிலைவாரி எண் இல்லையென்றால் டெஸ்ட் எடுத்த இடத்தில் கேளுங்கள். பெல்ட்டில் படுத்த நிலையைப் பதிவு செய்யும் சென்சார் இருந்திருந்தால் அந்தக் கணக்கும் அவர்களிடம் இருக்கும்.